துக்கத்துக்கு முதலிடம்

மக்கள் வரிப்பணத்தில் கட்டிய மின்கார் சார்ஜ் நிலையங்களில் காசு கேட்பதில்லை. எதற்காகப் போகிறோம் என்று கேட்பார்கள். அதை வைத்துத்தான் வரிசை. தொப்பூர் நிலையத்தில் திலகவதியின் காருக்கு முன்னால் வண்டிகள் வளைவு வரைக்கும் நின்றன. விருதுநகர் ஆஸ்பத்திரியில் அவளுடைய அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது.

“எங்கப்பா சீரியஸா இருக்காரும்மா,” என்றாள், காரணம் பதியும் திரையோடு கார் அருகே வந்த நிலைய ஊழியர் ஜெசிந்தாவிடம்.

“உடம்பு முடியலைன்னு எல்லாரும் பொய் சொன்னாங்கக்கா. அதனால அதை எடுத்துட்டாங்க. இப்போ துக்கத்துக்கு மட்டும்தான் முதலிடம். சாவை யாரும் பொய்யாச் சொல்ல மாட்டாங்களாம்.” ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். “துக்கம்னு அழுத்திடுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

கணவன் இளஞ்சேரன் திரையை நோக்கிக் கையை நீட்டினான். திலகவதி தட்டிவிட்டாள்.

“உசுரோட இருக்கிற மனுசனை நாமளே சாகடிக்கணுமா?”

“போய்ப் பாக்கணும்ல, திலகா.”

“பாப்போம். அவரு இருப்பாரு.”

வரிசை மெல்ல நகர்ந்தது. முன்னால் நாலைந்து வண்டிகளே மிச்சம் இருக்கும்போது போன் அடித்தது. தம்பிதான். கேட்டு முடித்ததும் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

இளஞ்சேரன் இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னான். ஜெசிந்தா ஓடிவந்தாள். “முன்னாடி வாங்கக்கா. இப்போ தாராளமா…” என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

திலகவதி கண்ணாடியை இறக்கினாள்.

“வேணாம்மா. இனிமே என்ன அவசரம்? பின்னால யாராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க நின்னா, அவங்களை விடு.”