மாடிக்கு விட்ட கம்பி

ஆர்மானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது காரைக்கால் பஸ் ஸ்டாண்டில். இருதயத்தைக் காட்டி வரப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பியவர், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அப்போதும் எங்களுக்குள் கம்ப்யூட்டர் சண்டைதான்.

"கீபோர்டுல நாலஞ்சு கட்டை ஒட்டிக்குதுங்க. நீங்க வர்றதுக்குள்ள வேற மாத்திடறேன்."

"நான் வந்து பாத்துக்கறேன். அதுவரைக்கும் அதைத் தொடாதீங்க, தியாகராசன்."

"தொட்டா என்ன, உங்க சீதனமா?"

அவர் சிரித்தார். பஸ் கிளம்பிவிட்டது.

அந்தச் சண்டை எண்பத்தேழில் ஆரம்பித்தது. கோர்ட்டுக்கு எதிரே நாங்கள் இருவரும் கூட்டாக ஒரு டைப்பிங் கடை நடத்தினோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் பென்ஷன் மனு அடித்துக் கொடுப்போம். வரைவு எழுதுவது ஆர்மான். அடிப்பது ஒர்த்தான்ஸ். கனத்த கண்ணாடி போட்டிருப்பாள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

டைப்ரைட்டர் கிழடாகிவிட்டது. கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவானது. பாண்டிச்சேரியிலிருந்து வந்த விற்பனைக்காரர் இரண்டு படங்களைக் காட்டினார்.

ஒன்று மலிவு. பெட்டி, கீபோர்டு எல்லாம் ஒரே உடம்பு. எதையும் கழற்றவோ மாற்றவோ முடியாது.

இன்னொன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. கீபோர்டு முதற்கொண்டு எல்லாம் தனித்தனி, கழற்றி மாற்றலாம். பெட்டிக்குள் ஐந்து இடம் காலி. பின்னால் வேண்டியதை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாமாம்.

"மனு அடிக்க மலிவு மெஷினே போதுமே" என்றேன்.

"போதாதுங்க. நாளைக்கு மெமரி ஏத்தணும், ஹார்ட் டிஸ்க் போடணும். வீடு கட்டுறப்ப மாடிக்குக் கம்பி விட்டு வைக்கிறோம்ல?" என்றார் ஆர்மான்.

"தருமபுரத்துல பாதி வீட்டு மேல கம்பி துருப்பிடிச்சு நிக்குது. மாடியத்தான் காணோம்."

ஒர்த்தான்ஸ் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதேம்மா. எந்த மெஷின் வந்தாலும் பழகியாகணும். பழகலேன்னா வேற ஆள்தான் பாக்கணும்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆர்மான் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விலை வித்தியாசம் என் பங்குலேருந்து போகட்டும். பெரிய மெஷினே வரட்டும்."

அன்று வீட்டில் இதைச் சொன்னேன். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள்.

"பெட்டிக்குள்ள இருக்கிற காத்துக்கா காசு குடுக்கிறாரு?" என்று கேட்டாள்.

"பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் பிராங்குல வருதில்ல அவருக்கு. பவிசு."

மெஷின் வந்த கையோடு ஆர்மான், பிரான்சிலிருந்து லீவில் வந்த தன் தம்பி மூலம் ஒரு பிரெஞ்சு கீபோர்டைத் தருவித்து மாட்டினார். பிரெஞ்சு எழுத்து வரிசை வேறு. இங்கிலீஷில் ஏ இருக்கும் இடத்தில் அதில் க்யூ இருக்கும். எங்கள் பழைய டைப்ரைட்டரும் அப்படித்தான். அதுவும் பவிசு என்றே நினைத்தேன். வேறு எதையும் அவர் அந்த மெஷினில் ஏற்றவில்லை.

பாண்டிச்சேரிக்குப் போனவரை வேனில் கொண்டுவந்தார்கள்.

அடக்கமெல்லாம் முடிந்து கடையைத் திறந்த அன்று மெக்கானிக்கை வரச் சொன்னேன். பெட்டியைக் கழற்றியவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு இடமும் அப்படியே காலியா கிடக்கே சார். பின்ன எதுக்கு இவ்வளவு விலையில வாங்கினீங்க?"

"போய்ச் சேர்ந்தவரைத்தான் கேக்கணும்."

புதுக் கீபோர்டு இங்கிலீஷ் வரிசை. மெக்கானிக் அதற்கேற்றபடி மெஷினையும் மாற்றி வைத்தார். கட்டை மேல்தான் எழுத்து இருக்கிறதே, ஒர்த்தான்ஸ் பார்த்து அடித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தா, வரிச்சிக்குடி காசியம்மாவோட மனு. ஆர்மான் கடைசியா எழுதினது. அடிச்சிடு."

அவள் காகிதத்துக்குக் கை நீட்டவில்லை.

"நீங்க வாசிங்கய்யா. தன் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி, யாருக்கும் புரியாதுன்னு ஆர்மான் முசியே சொல்வாரு. எப்பவும் அவர்தான் வாசிப்பாரு. நான் அடிப்பேன்."

என் பிரெஞ்சு நானாகக் கற்றது. தட்டுத் தடுமாறி வாசித்தேன். அவள் விரல்கள் ஓடின. முகம் நேராகத் திரையைப் பார்த்தபடி இருந்தது.

திரையில் ஏ வர வேண்டிய இடமெல்லாம் க்யூ. எம் வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. உருப்படியாக ஒரு வரி இல்லை.

அவள் நிறுத்தவில்லை. பக்கம் முடிந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தப்பு ஒண்ணும் இல்லையேங்கய்யா?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இல்லம்மா. சரியா இருக்கு."

அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். மேசை விளிம்பைத் தொட்டபடியே பானை வரைக்கும் போனாள். எத்தனையோ வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"பழைய கீபோர்டையே மாட்டிடுங்க" என்றேன் மெதுவாக. "மெஷினையும் முன்ன மாதிரியே ஆக்கிடுங்க. ஒட்டுற கட்டையை மட்டும் துடைச்சா போதும்."

"சார், அந்தம்மாவுக்குக் கண்ணு…"

"துடைச்சா போதும்."

ஒர்த்தான்ஸ் அதன் பிறகும் பல வருடம் எங்கள் கடையில்தான் அடித்தாள். நான் வாசித்தேன்.

ஆர்மான் எழுதிய வரைவுகள் ஒரு பீரோ நிறைய இன்னும் என்னிடம் இருக்கின்றன. முத்து முத்தான கையெழுத்து.