மாம்பழத் தோல்

மாம்பழத்தின் சதை சிங்காரவேலுக்கு, தோல் அவர் மனைவி செண்பகத்துக்கு. "தோலுல என்ன இருக்கு, நீயே தின்னுக்க" என்று கல்யாணமான வாரத்தில் அவர் சொன்னது. இருபத்திரண்டு வருடங்களாக அவளும் கொஞ்சம் சதை ஒட்டும்படி தடிமனாகச் சீவி, அடுப்படியில் நின்றபடியே பல்லால் சுரண்டித் தின்றுவந்தாள். நேற்று யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, அவளுடைய நரைக்காத தலையை முறைத்தார். "ஆன்டி ஆக்சிடன்ட் எல்லாம் தோலுலதான் இருக்காம். தெரிஞ்சேதான தின்னுருக்க, திருட்டுக் கழுத. நாளைலேருந்து தோல் எனக்கு."

இன்று தட்டில் தோல் வந்தது. ஒரு பொட்டுச் சதையில்லாமல், வெங்காயச் சருகுபோல் மெல்லியதாக.

"பழம் எங்கடி?"

செண்பகம் அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மோவாயில் வழிந்த சாற்றைத் துடைக்கவில்லை.

"பழத்துல என்ன இருக்கு, நானே தின்னுட்டேன்."