அறிவிப்புக்கு முன்

இளவரசன் புல்தரையில் மண்டியிட்டபோது, மேர்வின் தேநீர்த் தட்டோடு சற்றுத் தள்ளி நின்றிருந்தார்.

இளவரசி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து நீட்டினாள்.

மோதிரம் விரலில் ஏறியதும் வராந்தாவில் நின்ற வேலைக்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். மேர்வினால் தட்ட முடியவில்லை. சிரித்தார்.

அவன் ஐரோப்பாவின் வடக்கே ஒரு பனி நாட்டு அரசரின் மூத்த மகன். அவள் தெற்கே கடலோரத்துச் சின்ன நாடு ஒன்றின் இளவரசி. இரண்டு குடும்பங்களுக்கும் மதம் வேறு. பழைய பகையும் உண்டு. பெரியவர்கள் சம்மதிக்கவே இரண்டு வருடம் ஆனது. பத்திரிகைக்காரர்களின் கண்ணில் படாமல் மோதிரம் மாற்றத்தான் இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவுக்கு வந்திருந்தார்கள்.

மாலையில் இரண்டு அரண்மனைகளும் ஒரே நேரத்தில் செய்தியை அறிவிக்கும். அதுவரை வெளியே தெரியக் கூடாது. வேலைக்காரர்களின் போன்கள் மானேஜர் நிரஞ்சனின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தன. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மேர்வினுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. மனைவி பவுலின் மூச்சிரைப்போடு நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்தாள். முந்தின நாள் நிரஞ்சனே வார்டுக்குப் பேசி, "கஞ்சி குடிச்சாங்களாம் மேர்வின், பயமில்ல" என்று வந்து சொன்னார்.

அவளிடம் சொல்வதற்கென்று மேர்வின் நிறையச் சேர்த்து வைத்திருந்தார். முதல் நாள் இளவரசனும் இளவரசியும் நீண்ட மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். மறுநாள் இளவரசன் தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பின்னாலேயே போய்க் கரண்டியையும் முள்கரண்டியையும் எடுத்து வைத்தது மேர்வின்தான். பவுலின் கேட்டால் சிரிப்பாள்.

தேநீர் ஊற்றும்போது இளவரசி அவரைப் பார்த்து ஏதோ கேட்டாள். மேர்வினுக்குச் சாப்பாட்டு மேசைக்கு வேண்டிய ஆங்கிலம் மட்டுமே தெரியும். நிரஞ்சனைப் பார்த்தார்.

"கல்யாணம் ஆயிருச்சான்னு கேக்குறாங்க."

"எங்க வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருக்குன்னு சொல்லுங்க சேர். வீட்டுக்கு வந்ததும் இவங்க ரெண்டு பேருக்கும் மாதா கோயில்ல மெழுகுதிரி கொளுத்தச் சொல்றேன்."

நிரஞ்சன் கொஞ்ச நேரம் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

இளவரசி எழுந்து மேர்வினின் கையைப் பிடித்துக்கொண்டாள். விருந்தாளிகள் யாரும் அப்படிப் பிடித்ததில்லை. அவருக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

"இனி நான் பாத்துக்கிறேன்," என்று நிரஞ்சன் தட்டை வாங்கிக்கொண்டார். "வேன் நிக்குது. நீங்க கெளம்புங்க."

மேர்வினால் நம்ப முடியவில்லை. போனைக் கேட்டு வாங்கக்கூடத் தோன்றாமல் ஓடிப்போய் வேனில் ஏறினார்.

இறக்கம் முழுவதும் டிரைவர் ஜீவராஜிடம் இளவரசனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஜீவராஜ் 'ம்' கொட்டினான்.

மெயின் ரோட்டில் வலது பக்கம் போனால் நுவரெலியா. வேன் இடது பக்கம் திரும்பியது.

"ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் இல்லியே தம்பி."

"அண்ணிய வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்கண்ணே."

"அப்படியா? இவ்வளவு சீக்கிரம் விட்டுட்டாங்களா?"

ஜீவராஜ் கியரைக் குறைத்தான். வேனை மெதுவாக ஓட்டினான். மேர்வின் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கும்போது இருந்த சிரிப்பு அவர் உதட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"விடியக்காலையிலேயே ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்திருச்சுண்ணே. மோதிரம் போட்டு முடியிற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு மானேஜரு. மேசைக்கு வேற ஆள் இல்லைன்னு."

பனிமூட்டம் ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டு," என்றார் மேர்வின்.

இறங்கினார். பங்களாச் சீருடையான வெள்ளைக் கோட்டைப் பொத்தான் பொத்தானாகக் கழற்றி, மடித்து, இருக்கையில் வைத்தார்.

"இத அந்தாளுகிட்ட குடுத்திரு."

வீட்டுக்கு இன்னும் இரண்டு வளைவுகள் இருந்தன. பனியனோடு நடந்தார்.