மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றபோது, ஃபெர்கல் மேலே கோட்டும் டையும், கீழே அரைக்கால் சட்டையும் அணிந்திருந்தான். குப்பையைக் கொட்டிவிட்டு இரண்டே நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் இறங்கியிருந்தான்.

உடன் இருந்தவள் வீட்டுச் செருப்போடு வந்திருந்த ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் பெரிய பை நிறைய சிவப்புக் குடைமிளகாய். பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு மிளகாய் சுடும் வாசனைதான்.

ஃபெர்கல் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினான். கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மணி பத்து ஐம்பது.

அவள் கதவைத் தட்டி, பல்கேரிய மொழியில் ஏதோ கத்தினாள். வெளியே ஒரு கிழவரின் குரல் பதில் சொன்னது.

"என்ன சொல்றார்?"

"மெக்கானிக்குக்குப் போன் போட்டாராம். காபி குடிச்சிட்டு வர்றேன்னு சொன்னானாம்," என்றாள், தெளிவான ஆங்கிலத்தில்.

"ஐயோ, பதினோரு மணிக்கு எனக்கு வீடியோவுல இன்டர்வியூங்க!"

"எனக்கும் பதினொண்ணுக்கு வேலை இருக்கு. என்ன செய்ய? கதவை உதைச்சா கால்தான் வலிக்கும்."

அவன் சுவரில் சாய்ந்தான். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளின் மூச்சுக்கு இடமில்லாத பெட்டி. டை கழுத்தை நெரித்தது. தளர்த்திக்கொண்டான்.

"மூச்சு முட்டுதா? கீழ உக்காருங்க தம்பி. கண்ணை மூடிக்கிட்டு ஏதாவது பேசுங்க. எந்த ஊரு?"

"டப்ளின். மூணு மாசமா இங்க. அங்க வாடகை கொடுத்தா சாப்பாடு கிடையாது, சாப்பிட்டா வாடகை கிடையாது. இங்க கையில இருக்கறதை வெச்சு இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம். அதுக்குள்ள வேலை கிடைக்கலைன்னா அப்பா வீட்டு சோபாதான். நீங்க இந்த ஊர்தானே?"

"பொறந்தது இங்கதான். அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்கன்னு ரெண்டு வருஷம் முன்னாடி வந்தேன். வந்தவ அப்படியே மாட்டிக்கிட்டேன்."

எங்கிருந்து வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கு அவன் கவலை.

"இன்டர்வியூ எந்தக் கம்பெனியில?"

"ஒரு பயணக் காப்பீட்டுக் கம்பெனி. வீட்டுல இருந்தே வேலை. ஆனா வீடு அயர்லாந்துல இருக்கணுமாம். அதனால டப்ளின் நண்பன் வீட்டுச் சுவரைப் படம் பிடிச்சு, எனக்குப் பின்னால வர்ற மாதிரி வெச்சிருக்கேன். வாய் தவறிடக்கூடாதுன்னு மேசைக் கடிகாரத்தைக்கூட டப்ளின் நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். "பலே ஆளுதான். மாட்டிக்கிட்டா?"

"போன மாசம் ஒருத்தன் ஸ்பெயின்ல இருந்துக்கிட்டு வேலை பாத்தான்னு தெரிஞ்ச அன்னைக்கே கம்பெனி வேலையை விட்டு அனுப்பிடுச்சாம். இன்னைக்குக் கேள்வி கேக்கப் போறது பிரெனன்னு ஒரு மேடம். ரொம்பக் கறாராம்."

"அப்படியா சொல்றாங்க?"

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அந்த வேலை இல்லாட்டி ஒண்ணுமே இல்லையா தம்பி?" என்றாள் கடைசியில்.

"ஒண்ணுமே இல்லைங்க. பொய் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? ஒரு பொய்யைச் சொல்லிட்டு தினமும் எட்டு மணி நேரம் அதுக்குள்ளேயே உக்காந்திருக்கணும். இந்த லிஃப்டாவது பரவாயில்லை, யாராவது வந்து திறப்பாங்க."

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பதினொன்று பதினைந்துக்கு மெக்கானிக் வந்தான். கதவை நெம்பித் திறந்ததும் அந்தப் பெண் மிளகாய்ப் பையைக் கிழவர் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மாடிப்படியில் ஓடினாள்.

ஃபெர்கல் ஐந்தாவது மாடிக்கு ஓடி, மடிக்கணினியைத் திறந்தபோது மணி பதினொன்று இருபது. திரையில் டப்ளின் அலுவலகத்திலிருந்து ஓவன் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"மன்னிக்கணும் சார், நெட்..."

"பரவாயில்லை. பிரெனன் மேடத்துக்கும் இப்பத்தான் ஏதோ தகராறாம், வந்துட்டே இருக்காங்க. நீங்க டப்ளின்லதானே இருக்கீங்க?"

"ஆ... ஆமா சார்."

"கேட்டுத்தான் ஆகணும். இந்த விஷயத்துல நாங்க யாரையும் விடறதில்லை."

திரையில் இன்னொரு சதுரம் திறந்தது. லிஃப்டில் பார்த்த அதே முகம். கறுப்புக் கோட்டு, மூக்குக்கண்ணாடி, இறுக்கிக் கட்டிய முடி. முதுகுக்குப் பின்னால் டப்ளின் ஆறும் பாலமும். நெற்றியில் மட்டும் வியர்வை இன்னும் காயவில்லை. கீழே பெயர்: ராலிட்ஸா பிரெனன்.

ஃபெர்கலின் கை மடிக்கணினியை மூடப் போய், பாதியிலேயே நின்றது. அவளுக்கு எல்லாம் தெரியும். சுவர், கடிகாரம், ஸ்பெயின்காரன், எல்லாம். அவன் வாயாலேயே சொன்னது.

"முதல் கேள்வி நீங்க கேளுங்க மேடம்," என்றார் ஓவன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டாள். ஃபெர்கலை நேராகப் பார்த்தாள்.

"சொல்லுங்க ஃபெர்கல்... நம்ம டப்ளின்ல இன்னைக்கு மழை எப்படி?"