குளித்த தண்ணீர்

“இங்கதான் புதைஞ்சு கிடக்கு. தோண்டுங்கடா!” நகைக்கடை முதலாளி கத்தியதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

குளியலறைக்குப் பின்னாலிருந்த சாக்கடைக் குழியிலிருந்து கறுப்புச் சேறு வாளி வாளியாக மேலே வந்தது. நகைத் தொழிலாளியின் மனைவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷனோ போலீஸ்காரர் பக்கத்தில் பேயறைந்தவன் போல நின்றான்.

“வாயைத் திறந்து பேசுங்களேன்! திருடினீங்களா?”

“சத்தியமா இல்லடி.” அவன் முதலாளியைப் பார்த்தான். வேறு ஏதோ சொல்ல வந்தவன், தலையைக் குனிந்துகொண்டான்.

“தலை நிறைய எண்ணெயைத் தடவிக்கிட்டு வேலைக்கு வருவான் சார்,” என்றார் முதலாளி. “தங்கத் தூளை அதுல அப்பிக்கிட்டுப் போய், வீட்ல குளிப்பான். தண்ணி போயிடும், தூள் குழியில தங்கிடும். சுத்தத் தங்கத்துக்குன்னு ஊரே தேடி வர்ற கடை சார் என்னுது. அங்கயே கை வச்சுட்டான்!”

“பகலெல்லாம் அரத்தால தங்கத்தை ராவுற மனுஷன் மேல ஒரு பொட்டு ஒட்டாதா? அதுக்குத் திருட்டுப் பட்டமா?” அவள் சீறினாள். “குளிக்காம நாறிக்கிட்டே கிடக்கச் சொல்றீங்களா?”

சேற்றைத் தட்டில் போட்டு அலசினார்கள். கொஞ்சம் மஞ்சள் தூள். அதன் நடுவே மிளகை விடச் சின்னதாக, முறுக்கிய ஒரு சங்கிலி வளையம்.

முதலாளி துள்ளிக் குதித்தார். “பாத்தீங்களா! இந்த முறுக்கு என் பட்டறையைத் தவிர வேற எங்கயும் கிடையாது. என் தங்கம்தான்னு எந்தக் கோர்ட்ல வேணா சொல்றேன். இவனை உள்ள தள்ளுங்க!”

“சட்டை மடிப்புல விழுந்திருக்கும் சார்...” என்று தொழிலாளி முனகினான். போலீஸ்காரர் அவன் கையை இறுகப் பிடித்தார்.

“எதுக்கும் உரசிப் பாத்துடலாம்,” என்று போலீஸ்காரர் ஆளனுப்ப, தெருமுனை அடகுக்கடைக்காரர் உரைகல்லோடு வந்தார்.

“உரசவே வேண்டாம் சார், நான்தான் சொல்றேனே!” முதலாளி குறுக்கே வந்து கல்லைக் கையால் மூடினார். போலீஸ்காரர் அந்தக் கையைத் தள்ளிவிட்டார்.

வளையத்தைக் கல்லில் தேய்த்து, மேலே ஒரு சொட்டு அமிலம் விட்டார் அடகுக்கடைக்காரர். கோடு வெளுத்துப் போனது.

“தங்கம்தான் சார். ஆனா மூணுல ஒரு பங்கு செம்பு.”

போலீஸ்காரர் தொழிலாளியின் கையை மெல்ல விட்டார். முதலாளி பக்கம் திரும்பினார்.

“என் பொண்ணு கல்யாணச் சங்கிலியும் இதே முறுக்குதானே முதலாளி?”