நூறு கோழிக்கு ஒரு குப்பி

"இன்னும் எத்தினி பேர் கோழி புடிக்கல? மணி ஏழரை ஆவுது! எட்டு அடிச்சா மருந்து வேஸ்ட்டு. அப்புறம் வந்து என் தலையை உருட்டாதீங்க!"

பவானி போட்ட கூச்சலில் குப்பத்துக் கோழிகள்தான் மிரண்டு ஓடின. மனுஷர்கள் யாரும் அசைந்தபாடில்லை.

வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து நாலு நாளாகிறது. காலையில் கதவைத் திறந்தால் ஏதாவது ஒரு வாசலில் ஒரு கோழி கழுத்து திருகிச் செத்துக் கிடந்தது. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது என்றார்கள். பவானியும் விடாமல் தினம் போன் போட்டு நச்சரித்தாள். நேற்று மத்தியானம் கம்பவுண்டர் தாமோதரனே கூப்பிட்டு, "ஒரே ஒரு குப்பி கீதும்மா, ஓடியா" என்றார்.

ஓடினாள். மீன்பெட்டி ஐஸில் புதைத்து எடுத்து வந்தாள். எல்லாம் தன் நச்சரிப்பின் பலன் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

குப்பி சின்னதுதான். ஆனால் நூறு கோழிக்கு வரும். உடைத்துக் கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால்தான், எல்லாரும் கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்து வையுங்கள் என்று வீடு வீடாய்ப் போய்ச் சொல்லி வைத்தாள். யார் கேட்டார்கள்? மீதிக் கோழிகள் இப்போது கருவாட்டுக் களத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

ஆறு மணிக்கு மருந்தை உடைத்தவள் இன்னும் நிமிரவில்லை. ஒரு கண்ணில் ஒரு சொட்டு, கோழியை விடு, அடுத்ததைப் பிடி. ஐம்பத்திரண்டு ஆகியிருந்தது.

அப்போதுதான் மேரி வந்தாள். ரோட்டுக்கு மேற்கே காலனியில் இருப்பவள். புருஷன் போன பிறகு முட்டையும் கோழியும் விற்றுத்தான் பிழைப்பு. இரண்டு கையிலும் இரண்டு கூடை.

"பன்னண்டு கீது பவானி. கால் கட்டியே எடுத்தாந்துட்டேன். தொரத்திப் புடிக்கிற வேலையே இல்ல."

பவானி கையை நீட்டினாள். அதற்குள் பக்கத்திலிருந்து செங்கம்மாள் தொண்டையைக் கனைத்தாள். பவானியின் மாமியாருக்கு அக்கா. குப்பத்தில் அவள் கனைத்தால் பத்து வீட்டுக்கு அர்த்தம் புரியும்.

"இன்னா மேரி, இது குப்பத்துக்குன்னு வாங்கியாந்த மருந்து. எங்க கோழிக்கே பத்துமா பத்தாதான்னு நாங்க பேஜாரா கீறோம். காலனிக்கு வோணும்னா நீங்க போய் வாங்கியாரணும்."

"பன்னண்டே பன்னண்டுதான்க்கா. அதுங்க பூட்டா எனக்கு வேற இன்னா கீது?"

செங்கம்மாள் பவானியைப் பார்த்தாள்.

பவானிக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. களத்தில் மேய்கிற அத்தனையும் வந்தாலும் எண்பதைத் தாண்டாது. மேரியின் பன்னிரண்டையும் சேர்த்தால்கூட மிச்சம் இருக்கும். ஆனால் நாளைக்கும் இதே தெருவில்தான் குடித்தனம் நடத்த வேண்டும். செங்கம்மாள் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால் தண்ணிக் குழாயடியில்கூட யாரும் பேச மாட்டார்கள்.

"மருந்து தீந்துபோச்சு மேரிக்கா" என்றாள்.

குப்பியை உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் ஐஸ் தண்ணீர் சொட்டியது.

மேரி அந்தக் கையையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செங்கம்மாளைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"சரி பவானி. உங்க கோழிங்களாவது பொழைக்கட்டும்."

கூடைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ரோட்டைத் தாண்டும் வரைக்கும் அந்தக் கோழிகள் கத்திக்கொண்டே போயின.

"தோ வர்றோம், தோ வர்றோம்" என்ற பெண்கள் கடைசி நிமிஷத்தில் அஞ்சு கோழியைக் கொண்டுவந்தார்கள். மற்றதெல்லாம் கைக்குச் சிக்கவில்லையாம். எட்டு மணிக்குக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மருந்து நின்றது. இனி அது எதற்கும் உதவாது. மணலைத் தோண்டி ஊற்றி மூடினாள்.

பன்னிரண்டு சொட்டு. வெறும் பன்னிரண்டே சொட்டு. எழுந்தாள், உட்கார்ந்தாள், மேரி வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது என்று மறுபடி எழுந்தாள்.

போன் அடித்தது. கம்பவுண்டர் தாமோதரன்.

"இன்னாம்மா, போட்டு முடிச்சாச்சா?"

"ஆச்சு சார்."

"மேரியம்மா கோழிங்களுக்கும் போட்டியா?"

பவானிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மேரிக்காவ உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"அட, அது உங்கிட்ட சொல்லவே இல்லியா? நேத்து காலைல மருந்து வந்ததும் வரிசைல நின்னு அந்தக் கடைசி குப்பிய வாங்கினதே அந்தம்மாதான். 'எங்க பக்கம் இன்னும் நோவு வரல சார், குப்பத்துலதான் செத்துக்கினு கீது, மொதல்ல பவானிக்குக் குடுங்க, என் பன்னண்டு கோழிக்கு அந்தப் பொண்ணு போடாமலா பூடும்'னு எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டுப் போச்சு."