பக்கவாதம் பற்றிய பாடம்

திரையில் டாக்டர் பொன்னுத்துரையின் வாய் வலது பக்கமாக இறங்கியது.

வகுப்பு சிரித்தது. பக்கவாதம் வந்தவரைப் போல நடித்துக் காட்டப்போவதாக அவர்தான் சொல்லியிருந்தார். அவர் சென்னையில். செயற்கைக்கோள் வழியாகப் பாடம். திண்டுக்கல்லில் நாங்கள் நாற்பத்திரண்டு நர்சிங் மாணவர்கள். திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் ‘நேரலை’ என்று இருந்தது.

“ஏலே, சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய மனுசன்டா இவரு” என்றான் பக்கத்திலிருந்த சகாயராஜ்.

டாக்டரின் வலது கையிலிருந்து பேனா விழுந்தது.

நடிக்கிறவன் விழுந்த பேனாவை ஒரு தரமாவது பார்ப்பான். அவர் பார்க்கவில்லை. விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

எச்சில் டையில் ஒழுகியது. துடைக்கவில்லை. ஏதோ சொல்லப் பார்த்தார். சத்தம் மட்டும் வந்தது. வகுப்பு மறுபடி சிரித்தது.



பத்து நிமிடத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தார். பேச்சுப் போனாலும் நோயாளிக்கு எல்லாம் புரியும். முகத்தைப் பார்க்காதீர்கள், செயலிழக்காத கையைப் பாருங்கள், அதுதான் பேசும். மூன்று மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

எழுந்துபோய், சென்னையோடு பேசுவதற்காக வைத்திருந்த மைக்கின் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. அது எந்த வாரமும் எரிந்ததில்லை.

கரும்பலகைக்கு மேலே எழுதியிருந்த சென்னை ஸ்டுடியோ நம்பரைக் கையில் கிறுக்கிக்கொண்டு ஓடினேன். எதிரே எஸ்.டி.டி. பூத். குறுக்கே வந்த, எரியோடு ஊருக்குப் போகும் பஸ் என்னை உரசிக்கொண்டு போனது. அவசரத்தில் இரண்டு தரம் தப்பு நம்பர் போட்டேன்.

மூன்றாவது தரம் ஒருவர் எடுத்தார்.

சார் நடிக்கவில்லை, யாராவது உள்ளே போய்ப் பாருங்கள், இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் கொட்டாவி விட்டது கேட்டது.

“அது போன வருஷம் எடுத்த கேசட்டுப்பா. சார் தவறியே பத்து மாசம் ஆவுது.”

படம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டார். எல்லாக் கல்லூரியும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிற பாடம் என்றார். நான் போனை வைத்தேன்.

திரும்பி வந்தபோது டாக்டர் மேஜையில் தலை சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது.

முதலில் கைதட்டல் திரைக்குள்ளிருந்து வந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் தட்டினார்கள். பிறகு எங்கள் வகுப்பும் தட்டியது. சகாயராஜ் என்னையும் தட்டச் சொல்லி இடித்தான்.

நான் அவருடைய இடது கையைப் பார்த்தேன்.

அது மேஜைமேல் கிடந்தபடி கேமராவை நோக்கி விரல்களை மடக்கி மடக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.